கையைத் தூக்கினால் குண்டோரா நிற்கும்

அந்தப் பையில போட்டிருக்கே படம், அது குண்டோராதானே சார்? நீள மூக்கு, முதுகு பூராவும் ஓடு ஓடா அடுக்கி வச்ச மாதிரி... அவனேதான். யாருக்கு வாங்கிட்டுப் போறீங்க, மகனுக்கா? மகளுக்கா. வயசு எத்தன? ஏழு. எம்மகளுக்கும் ஏழுதான். அட, வச்சுக்கங்க, வச்சுக்கங்க. நான் ஒண்ணும் சொல்லல. பிள்ள ஆசைப்பட்டா வாங்கித்தான குடுக்கணும். ஆனா ஒண்ணு சார், அந்தப் படத்த எடுத்தவன் மட்டும் எங்கையில சிக்கினான், அவன் எலும்ப எண்ணிருவேன்.

சிரிக்காதீங்க. சிரிக்கிறதுக்குச் சொல்லல.

மதுர வரைக்கும்தான போறீங்க? நான் அதுக்கு முன்னாலயே எறங்கிருவேன். கொஞ்சம் இருங்க, ஒரு போன் போட்டுக்கிறேன்... எடுக்க மாட்டேங்கிறா. பதினோராவது தடவ. எம்பொண்டாட்டி சார், பாண்டீஸ்வரி. காலையில நான் டீக்கடைக்குப் போன நேரம் பாத்து மகளக் கூட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா. எங்க போயிருக்கான்னு எனக்குத் தெரியும். அங்கதான் நானும் போறேன். அவளுக்கு முன்னாடி போயிரணும்னு பாத்தா இந்த டிரைவரு மாட்டு வண்டி ஓட்டுறான். யோவ் கண்டக்டரு, கொஞ்சம் மிதிக்கச் சொல்லுய்யா!

நான் பொக்லைன் ஆப்பரேட்டர் சார். பேரு காசிமாயன். ஆண்டிபட்டிப் பக்கம். பதினாலு வருசமா இதே தொழில்தான். குழி தோண்டுறது, மண்ணள்ளுறது இதுக்கெல்லாம் என்னையக் கூப்புட மாட்டாங்க. இடிக்கிறதுன்னாத்தான் காசிமாயன். ரோட்ட அகலப்படுத்தணுமா, கண்மாய்க்கரையில வீடு கட்டிட்டாங்களா, கோர்ட்டு ஆர்டரா, கூப்புடு காசிமாயன. ஒரு வீட்ட எங்க தொட்டா எங்க விழும்னு எனக்குத் தெரியும். மூலைச் செவுத்துல ஒரு குத்து, நெலைக்கு மேல ஒரு இழுப்பு. அவ்வளவுதான், மொத்தமும் மண்டி போட்டுரும்.

கஷ்டமான தொழிலு. இடிக்கப் போனா மாலையா போடுவாங்க? கல்லு வரும். சாணி வரும். ஒருத்தன் அரிவாளோட கேபினுக்கே ஏறிட்டான். ஜாக்கி ராடு கால்கிட்டக் கெடந்துச்சு. எடுத்து மொழங்கால்ல ஒண்ணு வச்சேன். அம்மான்னு உருண்டான். அவன் இன்னைக்கும் காலச் சாச்சுத்தான் நடக்கிறான்னு சொல்றாங்க. நான் கோவக்காரன் இல்ல சார். எங்க தெருவுல கேட்டுப் பாருங்க. தொழில்னு வந்தா அப்படி.

கல்ல விட, அரிவாள விட, எங்களுக்குப் பெரிய இம்ச எது தெரியுமா? பிள்ளைக. நாங்க வர்றோம்னு தெரிஞ்சதும் பொம்பளைக பிள்ளைகள வீட்டுக்குள்ள போட்டுக் கதவச் சாத்திருவாளுக. உள்ள பிள்ள இருந்தா இடிக்க முடியுமா? முடியாது. தாசில்தாரு கத்துவாரு, போலீசு கத்தும், பொம்பளைக வாசல்ல உருளுவாளுக, பொழுது போயிரும். மறுநா முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

இப்பிடி இருக்கையிலதான் அந்தப் படம் வந்துச்சு. போன முழுப்பரீட்ச லீவுல. சப்பான்காரன் படமோ கொரியாக்காரன் படமோ, தமிழ்ல பேச விட்டிருந்தான். எம்மக கனிஷ்கா ஒத்தக் கால்ல நின்னா, போயே ஆகணும்னு. கூட்டிட்டுப் போனேன். தியேட்டர் பூராவும் குட்டி குட்டியாப் பிள்ளைக. பெரிய மனுசன்னு பாத்தா வரிசைக்கு ரெண்டு பேரு இருந்தா அதிகம். என்னா கூச்சல்ங்கிறீங்க!

நீங்க பாக்கலையா? கத ஒண்ணுமில்ல சார். நம்ம மலையில அழுங்கு இருக்குல்ல, தொட்டா பந்தாச் சுருண்டுக்குமே, அதையே பன்னெண்டு மாடி ஒசரத்துக்கு வச்சுக்கங்க. அதான் குண்டோரா. மலைய வெடி வச்சு ஒடைக்கிறானுக, உள்ள தூங்கிக்கிட்டிருந்தவன் எந்திரிச்சு ஊருக்குள்ள வர்றான். அப்பறம் என்ன, அடிதான். பாலத்தப் பிச்சு எறியிறான். ஓட்டல ஒரே மிதி. ரயில அப்பிடியே தூக்கிச் சாட்ட மாதிரி சுத்துறான். பட்டாளம் டாங்கியோட வருது, பந்தாச் சுருண்டு உருண்டு வர்றான் பாருங்க, டாங்கி, ஜீப்பு, ஆளு அம்பு அத்தனையும் சப்பட்ட. ஒரு சொட்டு ரத்தம் காட்டல. எத்தன ஆயிரம் பேரு செத்திருப்பான்? ஒரு பொணம் காட்டல. பிள்ளைகன்னா கையத் தட்டிக்கிட்டு எகிறி எகிறிக் குதிக்குதுக. நானும் குதிச்சேன்னு வச்சுக்கங்க. ஆமா, இடிக்கிறத ஒருத்தன் ரசிச்சுப் படம் எடுத்திருக்கான். பாக்க நல்லாத்தான இருக்கு!

அப்பத்தான் அந்தக் கட்டம் வருது. ஒரு சின்னப் பிள்ள, மஞ்சக் கவுனு. நடு ரோட்டுல தனியா நிக்குது. எல்லாரும் ஓடிட்டாங்க. குண்டோரா காலத் தூக்கிட்டான். மிதிக்கப் போறான். அது ஓடல. அழுகல. கைய மட்டும் இப்பிடி மேல தூக்குது. தூக்குனதும் அவன் கால் அந்தரத்துல நிக்குது சார். மெதுவாக் கால எடுத்துப் பின்னால வச்சு, குனிஞ்சு, மூக்கக் கொண்டாந்து அது காலடியில வச்சுட்டு, ‘பூம்...’னு ஒரு சத்தம். பாத்துட்டேன்னு அர்த்தம். ஒன்னையப் பாத்துட்டேன், இனிமே ஒன்னைய ஒண்ணும் பண்ண மாட்டேன்னு.

அம்புட்டுப் பிள்ளைகளும் சீட்டு மேல ஏறி நின்னு கையத் தூக்கிருச்சுக. இருட்டுக்குள்ள கை கையாத் தெரியிது. எம்மக ஒரு கைய மேல தூக்கிக்கிட்டு, இன்னொரு கையில எஞ்சட்டையப் புடிச்சிருந்தா. அழுகுறா சார். சந்தோசத்துல அழுகுறா.

நான் யோசிச்சேன், எதுக்கு இதுகளுக்கு இம்புட்டுப் பிடிச்சிருக்குன்னு. படிக்காதவன்தான், இருந்தாலும் எனக்குத் தோணுனதச் சொல்றேன். பிள்ளைகளுக்கு எல்லாரும் பெருசு. அப்பன் பெருசு, டீச்சர் பெருசு, பக்கத்து வீட்டு நாய்கூடப் பெருசு. யார் வேணாலும் அடிக்கலாம், யார் வேணாலும் மெரட்டலாம். இதுக சொல்லு எங்கயும் எடுபடாது. அங்க பாத்தா, எல்லாத்தையும் விடப் பெரிய ஒருத்தன், பட்டாளத்துக்கே அடங்காதவன், இத்தினியூண்டு கையத் தூக்குனதும் நின்னுட்டான். பிடிக்காம என்ன செய்யும்? சரிதானே சார்?

வீட்டுக்கு வந்தவ எம்மிசின ஒரு சுத்து சுத்திப் பாத்தா. ‘அப்பா, இதான்ப்பா குண்டோரா’ன்னா. மஞ்சக் கலரு, நீளக் கை, முன்னால பல்லு. அட, ஆமா! மறுநாளே பெயிண்ட வாங்கி, மிசினோட மண்ணள்ளுற பக்கெட்டுல ரெண்டு கண்ணு வரைஞ்சேன். மூக்கு வரைஞ்சேன். சாயங்காலம் வீட்டுக்கு முன்னால பொட்டல்ல நிறுத்தி, எம்மக எதிர நிப்பா. கையத் தூக்குவா. நான் பக்கெட்ட மெல்ல எறக்கி அவ காலடியில தரையத் தொட்டுட்டு ஆரன் அடிப்பேன். பூம்! தெருப் பிள்ளைக அம்புட்டும் வரிசையில நிக்கும். எங்கப்பாதான் குண்டோரான்னு ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் சொல்லுவாளாம். என் வாழ்க்கையில என்னைய யாரும் அப்பிடிப் பெருமையாச் சொன்னதில்ல சார். எங்கய்யன்கூட.

அப்பறம் அது தொழிலுக்கே ஒதவுச்சு. ஒரு எடத்துல இடிக்கப் போறோம், எப்பவும் போலக் கதவெல்லாம் சாத்திக் கெடக்கு. ஒரு பொடுசு ஜன்னல்ல எட்டிப் பாத்து, ‘ஏய், குண்டோராடா!’ன்னு கத்துச்சு. நான் ஆரன் அடிச்சேன். அவ்வளவுதான், ஒவ்வொரு வீட்டுல இருந்தும் பிள்ளைக பிச்சுக்கிட்டு வருதுக. பிள்ளைக வெளிய வந்தா ஆத்தாமாரு பின்னாலயே ஓடி வரணுமா இல்லையா? வந்தாளுக. வீடெல்லாம் காலி. நாலு பிள்ளையப் பக்கெட்டுல உக்கார வச்சு ஒரு தூக்கு தூக்கி எறக்குனேன். கையத் தூக்கச் சொன்னேன், குனிஞ்சு ஆரன் அடிச்சேன். அதுக்குள்ள போலீசு கயித்தக் கட்டிட்டாங்க. ரெண்டு மணி நேரத்துல தரமட்டம். அதுக வீடு விழுகுறப்பவும் அதுக கை தட்டுச்சுக சார். மொத மொத ஒருத்தர் மண்டையும் ஒடையாம முடிஞ்ச வேல அதுதான்.

தாசில்தாரு தோள்ல தட்டுனாரு. காண்ட்ராக்டரு, இனிமே எங்க போனாலும் காசிமாயன்தான்னுட்டாரு. அஞ்சு ஊரு அப்பிடி முடிச்சோம். நான் என்ன ஏமாத்துனேனா? அடிதடி இல்லாம முடியுதுல்ல. பிள்ளைகளுக்கும் சந்தோசம்.

ஆறாவதுதான் சிறுவாலங்குளம். கண்மாய்க்கரை. இருவத்திரெண்டு வீடு. பன்னெண்டு மணிக்கு அந்தச் சனங்களோட ஆளு கோர்ட்டுத் தடை உத்தரவோட வந்துருவான், அதுக்குள்ள முடின்னு தாசில்தாரு கடியாரத்தப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. ஆரன் அடிச்சேன், பிள்ளைக வந்துச்சுக. வெளாட்டுக் காட்டுனேன். ஒரு பிள்ள, எட்டு வயசிருக்கும், சுபிக்ஷான்னு பேரு, அது மட்டும் எங்கிட்டக் கேட்டுச்சு, ‘மாமா, கையத் தூக்குனா கண்டிப்பா நிக்குமா?’ன்னு. ‘அடி கழுத, நிக்காம? குண்டோராடி!’ன்னேன். வெளாட்டுக்குத்தான சொல்லுவோம் சார்? நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

ஆறு வீட்ட எறக்கியாச்சு. ஏழாவது அந்தப் பிள்ள வீடு. செங்கச் செவுரு, சிமெண்டுக் கூர. அது எப்பப் பின்பக்கமா உள்ள போச்சுன்னு யாருக்கும் தெரியாது. நான் பாக்கல. மூலைச் செவுத்துல குத்துனேன், உள்ள சாஞ்சுச்சு. அப்பறந்தான் அந்தச் சத்தம்.

அத விடுங்க. கூட்டம் கயித்த அத்துக்கிட்டு வந்துருச்சு. என்னையக் கேபின்ல இருந்து முடியப் புடிச்சு இழுத்துப் போட்டாங்க. மிதின்னா மிதி. ஒரு பொம்பள செங்கல எடுத்து வாயிலயே போட்டா. இங்க பாருங்க, மூணு பல்லு இல்ல. வெலா எலும்பு ரெண்டு. போலீசு மட்டும் வானத்தப் பாத்துச் சுடலன்னா நான் அன்னைக்கே காலி. மிசினக் கொளுத்திட்டாங்க. பக்கெட்டுல வரைஞ்ச கண்ண ஒருத்தன் கடப்பாறையால குத்திக்கிட்டே இருந்தான் சார், அதுக்கு வலிக்கும்னு நெனச்சவன் மாதிரி.

அந்தப் பிள்ளைக்கு உசுரு போகல. வலது கை போச்சு. தோளோட. நசுங்குனத எடுத்துட்டாங்க.

விசாரணையில எல்லாத்துலயும் ஒரே பதில்தான் சொன்னேன். நான் பாக்கல. செவுரு மறைச்சிருச்சு. பாத்திருந்தா நிறுத்தியிருப்பேன், எனக்கும் பொம்பளப் பிள்ள இருக்கு. எழுதிக்கிட்டாங்க. எம்மேல தப்பில்லன்னுட்டாங்க. ஊரே நம்பிருச்சு. நம்பாதவ எம்பொண்டாட்டி ஒருத்திதான், அவ எத நம்புனா?

எம்மக ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. கட்டுப் போட்டுப் படுத்திருக்கேன், பக்கத்துல வந்து உக்காந்து, ‘அப்பா, அந்தப் பிள்ள கையத் தூக்குச்சா?’ன்னு. நான் என்ன சார் சொல்றது? ‘தூக்கலம்மா’ன்னேன். பெரிய மூச்சா விட்டா. ‘அதான பாத்தேன். தூக்கியிருந்தா எங்கப்பா நிறுத்தியிருக்கும்’னா. மறுநா ஸ்கூல்ல பூராவும் அதையே சொல்லியிருக்கா, அவ கையத் தூக்கல, அதான் அப்பிடி ஆச்சுன்னு. ரெண்டு பய எதுத்துப் பேசுனானாம், கடிச்சு வச்சுட்டா. எம்மேல அவ்வளவு உசுரு.

அதோட போயிருந்தாப் பரவாயில்ல. ‘அந்தப் பிள்ளயப் போயிப் பாக்கணும்ப்பா’ங்கிறா. எதுக்குடின்னா, ‘அவளுக்குச் சொல்லிக் குடுக்கணும்ப்பா. இன்னொரு கை இருக்குல்ல, அடுத்தவாட்டி அதத் தூக்கச் சொல்லணும்’ங்கிறா. அறஞ்சேன் சார். ஒரே அறை. கம்மலு தெறிச்சு விழுந்துச்சு. அன்னைக்கு வரைக்கும் எம்மக மேல கை வச்சதில்ல. அப்பறம் ஒரு ரெண்டு மூணு தடவ, அதுவும் அதே பேச்ச எடுத்ததாலதான். ஒரு தடவ பெல்ட்டு. வலிச்சிருக்காது. அவ அன்னைக்கு என்னையப் பாத்துக் கையத் தூக்குனா... சரி, அது இப்ப எதுக்கு.

அவ நல்லதுக்குத்தான அடிக்கிறேன். அங்க போனா என்ன ஆகும்? அந்தப் பிள்ள சொல்லும், நான் கையத் தூக்குனேனேன்னு சொல்லும். அது சொல்லாம இருக்குமா? ஜன்னல்ல நின்னு இப்பிடித் தூக்குச்சே, உள்ளங்கை தெரிய...

என்ன சார் பாக்குறீங்க?

சரி. தூக்குச்சு. தூக்குச்சுதான். சின்ன ஜன்னலு, கம்பி இல்ல. கை தெரிஞ்சுச்சு, மூஞ்சி தெரிஞ்சுச்சு. சிரிச்சுச்சு சார் அது! காலையில இருந்து நூறு பிள்ளைக என்னையப் பாத்துக் கையத் தூக்குதுக, நான் எதுக்குன்னு நிறுத்துவேன்? கை தானா ஆரனுக்குப் போயிருச்சு. பூம்னு அடிச்சேன். அடிச்சுட்டு லிவரத் தள்ளிட்டேன். பக்கெட்டு வீச்சுல இருந்துச்சு... இல்ல, வீச்சுல இல்ல. நின்னுச்சு. நிறுத்தியிருக்கலாம். எறங்கிப் போயி அதத் தூக்கியாந்து வெளிய விட ஒரு நிமிசம் ஆகும். பதினொன்னே முக்காலு, அந்தத் தாசில்தாரு ‘ம், ம்’ங்கிறான், இன்னும் பதினஞ்சு வீடு இருக்கு. சத்தம் கேட்டுட்டு வெலகிரும்னு நெனச்சேன். வெலகல. ஆரன் அடிச்சாப் பாத்துட்டேன்னு அர்த்தம்ல, நம்பி அங்கனயே நின்னுருச்சு.

இத எதுக்கு உங்ககிட்டச் சொல்றேன்? நீங்க யாரு, நான் யாரு. விடுங்க. வெளிய சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான், எழுதி முடிச்சாச்சு.

இருங்க, போனு. பாண்டீஸ்வரிதான். ஏய், எங்கடி இருக்க? தோலை உரிச்சு... யாரு? கனியா? கனிம்மா, சொல்லுடா தங்கம். அப்பாதான். அப்பா பஸ்ஸுல வந்துக்கிட்டே இருக்கேன். எங்கடா இருக்கீங்க? அங்கயா? அவ வீட்டுலயா? அம்மாகிட்டக் குடு. குடுக்க மாட்டியா? சரி, கோவிக்கல. அப்பா கோவிக்கல. சொல்லு.

ம். என்ன சொன்னா? கையத் தூக்குனேன்னு சொன்னாளா. ம். ரெண்டு கையுமா. அவ அப்பிடித்தான்டா சொல்லுவா. என்னது? சத்தமாச் சொல்லும்மா, பஸ்ஸு எரச்சலு. ஆரனா? நான் ஆரன் அடிச்சேனாமா?

சார், கேக்குறா சார். ‘குண்டோரா பாத்தாத்தானப்பா சத்தம் குடுக்கும்? நீ பாத்தியாப்பா?’ங்கிறா.

இல்லடா. இல்ல கனிம்மா. அப்பா பாக்கல. ஆரனே அடிக்கல. அந்தப் பிள்ள பொய் சொல்லுது. ஆமா, பொய்யி. உங்கப்பன நம்புவியா, எவளோ ஒருத்திய நம்புவியா? எஞ்செல்லத்து மேல சத்தியமா. ஒன் தலையில அடிச்சுச் சொல்றேன், அப்பா பாக்கல.

‘சரிப்பா’ங்கிறா. நம்பிட்டா சார். நம்பிட்டா! கனி? கனிம்மா? போனக் கீழ வச்சுட்டா போலருக்கு. கட் பண்ணல. இருங்க, கேக்குது. ‘பொய்யி, நீ பொய்யி, எங்கப்பா பாக்கல’ங்கிறா... என்ன சத்தம் அது? அடிக்கிறாளா? அடிக்கிறா சார். அந்தப் பிள்ள கத்துது. பாண்டீஸ்வரி ‘விடுடி, கட்டு பிரியுதுடி’ங்கிறா. விடல. எம்மக விடல. கேளுங்க, கேளுங்க, எத்தன அடி! ஏழு வயசு சார். அப்பனச் சொன்னா அவளுக்குப் பொறுக்காது.

எங்க எந்திரிக்கிறீங்க? உங்க ஊரு இன்னும் வரலையே. அங்க எடம் இருந்தா என்ன, இங்கயே உக்காருங்க. யோவ், ஒன்னத்தான். நான் இன்னும் பேசி முடிக்கல. உக்காருய்யா.